பழுதுக்காரி மூடிய கதவு

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு மூன்றாவது மாடி. வேலை முடிந்து கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் படியேறும்போதெல்லாம் கீழ்வீட்டுக்காரர், "என்ன சார், உங்க கம்பெனிக்குப் போன் போடட்டுமா?" என்று கேட்பார். "போட்டா நான்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு இவர் நிற்காமல் ஏறிப் போவார். அவருடைய பேச்சில் பாதி இப்படி ஏற்கெனவே பேசி முடித்த பேச்சுதான். புதிதாக வாய் திறக்க வேண்டுமென்றால் விஷயம் இயந்திரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'தொலைகல'மாக இருக்க வேண்டும்.

தொலைகலம், வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் வந்த தொடர். திரும்பிப் போக ஊர் இல்லாத நானூறு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு விண்கலம் போய்க்கொண்டே இருக்கிறது. கதை அவ்வளவுதான். தளபதி ஒருவர், அவருக்கு அடுத்த இடத்தில் துணைத்தளபதி, எந்நேரமும் தூக்கம் கெட்ட முகத்தோடு ஒரு டாக்டர், கலத்தில் எது உடைந்தாலும் சரிசெய்கிற வாய் பேசாத இளம்பெண் ஒருத்தி. அவளைக் கலத்தில் எல்லோரும் பழுதுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், வெள்ளிக்கிழமை மட்டும் ஆறு மணிக்கே வந்துவிடுவாள். வாரத் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டே பார்க்க ஏதாவது வேண்டுமே என்று போட்டாள். இரண்டாவது வாரம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்காவது வாரம், இரவல் வாங்கிப் போன குடையைத் திருப்பித் தர வந்த மச்சினன் வாசலில் நின்றபடியே பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தத் துணைத்தளபதி பொய் சொல்றான்" என்றான். அன்றிலிருந்து அவனுக்கும் ஒரு முக்காலி.

மச்சினன் அவரைவிட ஒன்பது வயது இளையவன். நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சிகள் சொல்வதைச் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பது அவன் வேலை. யார் எந்த வார்த்தைக்கு முன்னால் எச்சில் விழுங்கினார்கள் என்பதுவரை அவனுக்குத் தெரியும். அதை மட்டும் தட்டச்சு செய்ய முடியாது. இரண்டு தெரு தள்ளி, தனியாகத்தான் இருந்தான். அவன் மனைவி வெளியூரில் வேலை கிடைத்துப் போனவள், பிறகு திரும்பி வரவேயில்லை.

அப்படி மூன்று பேரும் தொடரின் இரண்டு பருவங்களைப் பார்த்து முடித்தார்கள். ஒவ்வொரு வெள்ளியும் பார்த்து முடித்ததும் அரை மணி நேரம் வாதாடுவார்கள். மச்சினன் ஆட்களைப் பற்றிப் பேசுவான்: இவன் ஏன் இப்படிச் சொன்னான், அவள் ஏன் பதில் சொல்லவில்லை. இவர் சாமான்களைப் பற்றிப் பேசுவார்: இவ்வளவு பெரிய கலத்துக்கு இந்த அளவு குழாய் எப்படிப் போதும், அந்த ஏணியை ஏன் அந்தப் பக்கம் வைத்தார்கள். மனைவிக்கு டாக்டரைப் பிடிக்கும். மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சரி.

ஊரில் இந்தத் தொடருக்கு ஒரு ரசிகர் வட்டம் இருந்தது. மொத்தம் பதினான்கு பேர். மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, ஒரு அச்சகத்தின் மாடியறையில் கூடுவார்கள். அச்சகத்தின் உரிமையாளரான அம்மாள்தான் வட்டத்தை நடத்தினார். எல்லோரும் அவரை அச்சகத்தம்மா என்றார்கள். சுவரோரம் காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும்; நாற்காலி போதாதவர்கள் கட்டுகளின்மேல் உட்காருவார்கள். மச்சினன்தான் முதலில் போனான், பிறகு இவரையும் இழுத்துப் போனான். போன முதல் நாளே, கலத்தின் கதவுகள் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைப் பற்றி இவர் இருபது நிமிடம் பேசினார். அன்றே அவருக்குக் 'கதவு சார்' என்று பெயர் விழுந்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை. லிஃப்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் கயிறோ மோட்டாரோ அல்ல. பத்துப் புகாரில் ஏழு கதவுப் புகார்தான். கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு பேனா மூடி விழுந்தால் போதும், பதினைந்து மாடிக்காரர்களும் படியேற வேண்டும். அந்தப் பேனா மூடியை மண்டியிட்டுக் குறடால் எடுப்பவரைத்தான் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.

வினை மூன்றாம் பருவத்தின் ஒன்பதாவது பகுதியில் வந்தது.

கலத்தின் கீழ்த்தளத்தில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறுகிறது. நீளமான நடைவழி. அதன் ஒரு முனையில் கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் பழுதுக்காரி, கை சுவரிலிருக்கும் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில். மறு முனையிலிருந்து துணைத்தளபதி ஓடி வருகிறான். கதவை மூடாவிட்டால் மேல்தளத்துக் காற்றும் போய்விடும். அவள் அவனைப் பார்க்கிறாள். கதவின் இரண்டு பாதிகளும் இரு பக்கமிருந்தும் நகர்ந்து வருகின்றன. ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது கதவு நின்றுவிடுகிறது. ஒரே ஒரு நொடி. பிறகு மூடிக்கொள்கிறது. அந்த நொடியில் திரையில் தெரிவது அவள் முகம் மட்டும்தான். கையைக் காட்டவில்லை. போன பருவத்தில் அவளைப் பற்றித் தளபதியிடம் கோள் சொல்லித் தண்டனை வாங்கிக் கொடுத்தவன் அதே துணைத்தளபதி.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மனைவி, "பாவம்" என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

"கொலை" என்றான் மச்சினன். "ரெண்டு தடவை கொலை. மொதல்ல அமுக்கினா. நடுவுல மனசு வரல, விரல எடுத்துட்டா. கதவு நின்னுச்சு. அப்புறம் யோசிச்சு மறுபடியும் அமுக்கினா. நின்னது கதவு இல்ல அத்தான், அவ மனசு."

"கதவு நின்னதுக்கு மனசு எதுக்கு?" என்றார் அவர். "கதவோட ஓரத்துல ஒளிக்கதிர் இருக்கும். குறுக்க எது வந்தாலும் நின்னுடும். புகை வந்திருக்கு, நின்னுருக்கு. ஆபத்துன்னா அடுத்த நொடி அந்தக் கதிர மதிக்காம அதுவா மூடிக்கும். எங்க லிஃப்ட்லயும் அப்படித்தான். ஒரு தடவ அமுக்கினதோட அவ வேலை முடிஞ்சுது."

அன்று அரை மணி நேரத்தில் முடியவில்லை. அடுத்த வெள்ளியும் முடியவில்லை. வட்டத்திலும் இதே பேச்சாகப் போயிற்று. பல் டாக்டர் ஒருவர் வருவார். அவர் அந்த நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, பழுதுக்காரியின் தாடை இறுகவில்லை, மனதைக் கல்லாக்கிக்கொண்டவள் பல்லைக் கடிக்காமல் இருக்கமாட்டாள் என்றார். ஒரு பள்ளி ஆசிரியை, கோள் சொன்னவன் என்பதற்காகச் சாகடிக்கலாமா என்று கேட்டார். ஆள் ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்து, ஏழுக்கு ஏழு என்று நின்றது.

அடுத்த முதல் ஞாயிறுக்கு அவர் கட்டத்தாளில் கதவின் படம் வரைந்து கொண்டுவந்தார். கப்பி எங்கே, விசை எங்கே, ஒளிக்கதிர் எங்கே என்று அளவோடு குறித்திருந்தார். காகிதக் கட்டின்மேல் படத்தை விரித்து விளக்கினார். நல்ல விளக்கம், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தலையாட்டினார். எட்டுக்கு ஆறு ஆகிவிடும் போலிருந்தது.

மச்சினன் எழுந்தான். நீதிமன்றத்தில் தினமும் வழக்கறிஞர்களைக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் அந்தத் தோரணை வந்திருந்தது.

"அத்தான், ஒரு ஆளு செத்துப் போயிருக்கான். நீங்க கதவுக்கு ஜாமீன் எடுத்துக்கிட்டு இருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் காது சூடாயிற்று.

"ஒரே ஒரு கேள்வி" என்றான் மச்சினன். "பொத்தான அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் மூடும், விரல எடுத்தா நின்னுடும். அந்த மாதிரிக் கதவு உங்க தொழில்ல கிடையவே கிடையாதா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க போதும்."

அந்த மாதிரிக் கதவு இருக்கிறது. அவர் பராமரிக்கும் அலுவலகக் கட்டடத்தின் பின்புறம், சரக்கு லிஃப்டில், வாரா வாரம் அவர் கை வைக்கும் கதவு அது. பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை நகரும். விரலை எடுத்தால் எடுத்த இடத்தில் நிற்கும். மச்சினன் முதல் நாள் வாய் திறந்தபோதே அவருக்கு அது ஞாபகம் வந்திருந்தது. ஐந்து வாரமாக அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். இப்போது பதின்மூன்று பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"எனக்குக் கதவப் பத்தித் தெரியும், கதவப் பத்திப் பேசறேன். ஆளுங்க மனசப் பத்தி உனக்கு அவ்வளவு தெரிஞ்சிருந்தா, உன் வீடு ஏன் அப்படி ஆச்சு?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தவறு என்று தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லி முடித்துவிட்டார். கீழே இயந்திரம் ஓடும் சத்தம் தரை வழியாகக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ அவசர வேலை போல.

மச்சினன் கையிலிருந்த குறிப்புத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "அவ போயிட்டான்னு சொல்ல உங்க வீட்டுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா?" என்றான். குரல் உயரவில்லை. "அக்கா அழுதா. நீங்க எங்கூட வீட்டுக்கு வந்தீங்க. ஏதோ சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன். சமையல் ரூம்ல குழாய் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அத சரி பண்ணிட்டுப் போயிட்டீங்க."

அவ்வளவு சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அதன் பிறகு பதினொரு மாதம் மச்சினன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இருவருமே போவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் இருப்பாரோ என்று மற்றவருக்குத் தயக்கம். முக்காலி சில வாரம் அதே இடத்தில் கிடந்தது. பிறகு மனைவி அதன்மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அவள் யார் பக்கமும் சேரவில்லை. தம்பி சொல்லித் தெரிந்ததும் கணவனிடம் அன்றே கேட்டுவிட்டாள்: "அப்படிச் சொல்லலாமா நீங்க?" அவர் கருவிப் பையைத் திறந்து துடைக்க உட்கார்ந்தார். ஒரு தடவைக்கு மேல் அவளும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு அவரோடு உட்கார்ந்து தொடரைப் பார்ப்பாள். எட்டு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் தம்பியோடு அதே பகுதியைப் பற்றி மறுபடியும் பேசுவாள். கதவைச் சாத்தமாட்டாள். கூடத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்கும்.

"ம்... ம்... அதெப்படிடா, தளபதிக்குத் தெரியாம இருக்குமா?... ஓ, அப்படிச் சொல்றியா."

அவர் அந்த ஒரு பக்கத்தை வைத்து மறுபக்கத்தை ஊகிப்பார். ஊகித்து, அதற்கு ஒரு பதிலையும் தயார் செய்துவிடுவார். அடுத்த வெள்ளி, நிகழ்ச்சி நடக்கும்போது, யாரிடமும் சொல்லாததுபோலச் சொல்வார்: "காத்தழுத்தம் குறைஞ்சா மனுஷனுக்கு மூளையே வேலை செய்யாது. தளபதி கவனிக்கலன்னா அதுல என்ன ஆச்சரியம்?" மனைவி அதை எட்டு மணிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். மச்சினனின் பதில் மறு வெள்ளி வந்து சேரும். நான்கு மாதம் இந்தப் போக்குவரத்து நடந்தது. ஒரு நாள் அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னாள்: "நான் தபால்காரி இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, போன் இருக்கு. இனிமே நான் டாக்டரப் பத்தி மட்டும்தான் பேசுவேன்."

அதோடு அதுவும் நின்றது.

வேலையில் அவர் பழையபடிதான் இருந்தார். காலையில் மருத்துவமனை; அங்கே படுக்கையோடு நோயாளிகளை ஏற்றும் லிஃப்ட், தளத்தோடு அரை அங்குலம்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல் நிற்க வேண்டும். பிறகு அலுவலகக் கட்டடம். மொட்டைமாடியில் மோட்டார் அறை. கோடையில் அடுப்படி மாதிரி கொதிக்கும். அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார். வாரம் ஒரு முறை சரக்கு லிஃப்ட். அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பிடிப்பார், கதவு நகரும். விரலை எடுப்பார், நிற்கும். மறுபடியும் அமுக்குவார். எண்ணெய் போடுவதற்கு அதை ஒரு முறை செய்தால் போதும். சில நாள் நான்கைந்து முறை செய்தார்.

ஒரு விடுமுறை நாளில் அவர் தொடரைத் தயாரித்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். உறையின் மேல் 'கதவு செய்தவருக்கு' என்று எழுதி, கட்டத்தாள் படத்தின் நகல் ஒன்றை உள்ளே வைத்தார். மூன்றாம் பருவம், ஒன்பதாம் பகுதி, கதவு ஒரு நொடி நிற்கிறது. அது ஒளிக்கதிரால் நின்றதா, அல்லது அமுக்கிப் பிடிக்கும் பொத்தான் வகையா? தயவுசெய்து தெரிவிக்கவும். இரண்டாவது வகையை அவர் எழுத்தில் குறிப்பிட்டது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது அது எளிதாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. படியேறும்போது கீழ்வீட்டுக்காரர்தான், தவறுதலாகத் தன் பெட்டியில் கிடந்ததாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று பிரித்தார். எழுதியிருந்தவர் அந்தப் படப்பிடிப்பு அரங்கத்தில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து பெரிது பெரிதாக, கோணல் இல்லாமல் இருந்தது.

கதவு ஒட்டுப்பலகையில் செய்தது, மேலே வெள்ளிப் பெயிண்ட், என்று எழுதியிருந்தார். ஒளிக்கதிரும் இல்லை, பொத்தானும் இல்லை. பொத்தான் ஒரு சோப்பு டப்பாவின் மூடி. கதவின் இரண்டு பாதிகளையும் இரண்டு ஆட்கள் மறைவில் நின்று நைலான் கயிற்றால் இழுத்தார்கள். அன்று இடது பக்கம் இழுத்தவருக்குச் சளி. பாதியில் தும்மிவிட்டார். இரண்டு பாதியும் சேர்ந்து வர வேண்டுமே என்று வலது பக்கத்துக்காரரும் நிறுத்திவிட்டார். மறுபடி எடுக்கலாம் என்று தச்சர் சொன்னாராம். நேரமாகிவிட்டது, இதுவே நன்றாகத்தான் இருக்கிறது, விடுங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டாராம். நடித்த பெண், கதவு பெயர்ந்து தன்மேல் விழப் போகிறது என்று பயந்துவிட்டதாகப் பிறகு சொன்னாளாம். 'உங்கள் படம் அருமை. இப்படி ஒரு கதவு செய்யக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகச் செய்திருப்பேன்' என்று முடித்திருந்தார்.

அவர் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. யாரோ தும்மியதற்காக ஒரு வருடம் போயிற்றே என்று தோன்றியது. அதற்கு அடுத்து, இடது பக்கக் கப்பி எந்த அளவு என்று தச்சர் எழுதவில்லையே என்றும் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் கடிதத்தை மனைவியிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத எங்கிட்ட எதுக்குக் குடுக்கறீங்க?" என்றாள்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவர் நீதிமன்றத்துக்குப் போனார். இத்தனை வருடத்தில் மச்சினன் வேலை செய்யும் இடத்தை அவர் பார்த்ததில்லை. தட்டச்சு அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. ஐந்து மேசைகள், நாடா கட்டிய வழக்குக் கட்டுகள், சுவரில் நின்றுபோன கடிகாரம். வாசல் கதவு தானாக மூடுவதற்கு மேலே பொருத்தியிருந்த விசையிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். மச்சினன் முதுகு காட்டி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான். விரல்கள் தனியாக ஓட, தலை அசையவேயில்லை.

வரி முடிந்து திரும்பியவன் அவரைக் கண்டதும் எழுந்துவிட்டான். "அக்காவுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாருக்கா. ஒரு லெட்டர் வந்திருக்கு. படி."

மச்சினன் உட்கார்ந்து படித்தான். முதலில் வேகமாக, பிறகு ஒவ்வொரு வரியாக. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். வேறு மேசைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் ஒரு வழக்குக் கட்டை நகர்த்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தும்மியிருக்கான்" என்றான் மச்சினன்.

"ஆமா."

"அப்ப நீங்க சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு."

"அப்படித்தான் போல."

மச்சினன் கடிதத்தை மேசைமேல் வைத்து, நான்கு விரலால் நீவிவிட்டான். "இல்ல அத்தான்" என்றான். "இந்த ஆளு பொய் சொல்லல. கண்ணால பாத்த சாட்சி. ஆனா வேற கேஸோட சாட்சி. கதவு பேத்துக்கிட்டு விழுந்துடும்னு பயந்தது யாரு? நடிச்ச பொண்ணு. பழுதுக்காரி அதுக்குப் பயப்படல. அவளுக்கு அந்த ஒட்டுப்பலகையே தெரியாது."

அவர் அதை மனதுக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் இடிக்கவில்லை.

"அப்ப கதவும் ஒட்டுப்பலகை இல்ல" என்றார் மெதுவாக.

"இல்லவே இல்ல. இரும்பு."

"ஆறு அங்குல கனம் இருக்கணும். அந்த அழுத்தத்துக்கு."

"இருக்கட்டும்."

வெளியே யாரோ ஒரு பெயரை மூன்று முறை கூவி அழைத்தார்கள்.

"நீ கேட்டல்ல" என்றார் அவர். "விரல எடுத்தா நிக்கிற கதவு. இருக்கு. எங்க சரக்கு லிஃப்ட்ல இருக்கு. நீ மொத நாளு சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

மச்சினன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"தெரிஞ்சுதான் சொல்லல. அன்னிக்கு நீ நேரா கேட்டதும் என்ன செய்யறதுன்னு தெரியல. அதான் வேற எதையோ சொல்லிட்டேன். அதச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஆமா. சொல்லியிருக்கக் கூடாது."

"ம்."

மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ மச்சினன் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தான். மூடியில் பாதியைப் பிரித்து வைத்து அவர் பக்கம் தள்ளினான். அவர் சாப்பிட்டார். சாப்பிடும்போது மச்சினன், "குழாயப் பத்தியும் நான் அங்க வெச்சுப் பேசியிருக்க வேண்டாம்" என்றான்.

"எனக்கு வேற என்ன செய்யன்னு தெரியல மாப்ள."

"அது இப்ப தெரியுது. அன்னிக்குத் தெரியல."

கை கழுவிய பிறகு அவர் வாசல் கதவின் விசையை இறுக்கிக் கொடுக்கலாமா என்று நினைத்தார். பைக்குள் கை போனது. பிறகு வெறும் கையை வெளியே எடுத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அடுத்த முதல் ஞாயிறு இருவரும் சேர்ந்தே அச்சகத்து மாடிக்குப் போனார்கள். மச்சினன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தான். தும்மல் வந்த இடத்தில் பள்ளி ஆசிரியை சிரித்துவிட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பல் டாக்டர், தச்சருக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் தடுமாறியிருக்கும் என்றார். அச்சகத்தம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்து, அழகான கையெழுத்து என்று பாராட்டி, மடித்து அவரிடமே கொடுத்தார். "கதவு சார், இத நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க. இங்க சுவத்துல ஒட்டறதா இல்ல. நாம பாத்தது பாத்ததுதான்."

அதன்பிறகு அவர் எழுந்து சரக்கு லிஃப்டின் கதவைப் பற்றிச் சொன்னார். படம் இல்லை, கையை வைத்தே காட்டினார். இது தனக்கு முன்பே தெரியும் என்றும், போன வருடம் இதே அறையில் தான் பேசிய ஒரு பேச்சு தவறு என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எந்தப் பேச்சு என்று யாரும் கேட்கவில்லை. வாக்கெடுப்பு ஒன்பதுக்கு ஐந்து என்று மச்சினன் பக்கம் போயிற்று. அவர் தன் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அப்படியொரு கதவு இருக்க முடியும் என்று சொன்னாரே தவிர, அங்கே இருந்தது அந்தக் கதவுதான் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

தொடர் ஐந்தாம் பருவத்தோடு நின்றது. கலம் எங்கும் போய்ச் சேரவில்லை. பழுதுக்காரி கடைசிவரை வாய் திறந்து எதையும் சொல்லவில்லை. வட்டத்தில் ஆறு பேர் மிஞ்சினார்கள். முழங்கால் தேய்ந்துபோனதால் அவர் குறித்த வயதுக்கு இரண்டு வருடம் முன்பே வேலையை விட்டார்.

வேலையை விட்ட பிறகு அவர் தச்சருக்கு மறுபடியும் எழுதினார். கப்பியின் அளவைக் கேட்டுத்தான் எழுதினார். அளவு வந்தது. கூடவே, தான் அந்தத் தொடரை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, அரங்கத்திலேயே பொழுதெல்லாம் போய்விட்டது என்று ஒரு வரியும் வந்தது. இவர் மூன்று வாரம் உட்கார்ந்து, ஐந்து பருவக் கதையையும் சுருக்கி இருபத்தெட்டுப் பக்கம் எழுதினார். ஆட்களைப் பற்றிய இடங்களை மச்சினன் சொல்லச் சொல்ல எழுதினார். மச்சினன் தட்டச்சு செய்து தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டரைப் பற்றிய இரண்டு பக்கத்தை மனைவி படித்துப் பார்த்து, போதாது என்று மூன்றாவது ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள்.

தச்சரிடமிருந்து ஒரு மாதத்தில் பதில் வந்தது. முழுவதும் படித்தேன், நன்றாக இருந்தது, ஒரே ஒரு சந்தேகம் என்று எழுதியிருந்தார். நானூறு பேர் பிழைக்கப் புறப்பட்ட கலத்தில் ஒரே ஒரு டாக்டரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது யாருடைய முடிவு? அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்ப்பது?

அந்த வெள்ளிக்கிழமை வாதாடுவதற்கு மச்சினன் ஐந்து மணிக்கே வந்துவிட்டான்.